ஈர மரமும் எங்கள் அவசரமும்



ஒரு கதவைச் சரிசெய்யப் போய் நாங்கள் செய்த பிழையையும், அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறோம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் வீடுகளில் கதவுகள் இறுகுகின்றன. ஓர் இழைப்புளியை வாங்கிவந்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர், இராயபுரத்தில் குடியிருக்கிறோம். ஒருவர் சரக்குப் பெட்டகக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். மற்றவர் மின்பணி செய்கிறவர். எங்கள் வாப்பா (அல்லாஹ் அவர்களுக்கு மஃபிரத் செய்வானாக) காசிமேட்டில் மரப்படகு கட்டும் தச்சராக இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற உளிகளும் மர இழைப்புளியும் ஒரு தகரப் பெட்டியில் இன்றும் உள்ளன. அந்தப் பெட்டி எங்களிடம் இருப்பதாலேயே எங்களுக்கும் தச்சு தெரியும் என்ற எண்ணம் எங்களுக்குள் இருந்தது. நடந்தவற்றுக்கெல்லாம் அந்த எண்ணமே தொடக்கம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எர்ணாவூரில் இருக்கும் எங்கள் ராத்தா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வெறும் தண்ணீராக இருந்தால் கழுவித் துடைத்திருக்கலாம். பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் பரவிய எண்ணெய் அந்தப் பகுதி வீடுகளுக்குள்ளும் வந்தது. சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. ராத்தா வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்து மினுக்கி வைத்திருந்த சிவப்புத் தரை மங்கிப்போயிற்று. தண்ணீர் வடிந்த மறுநாள், எண்ணெய்ப் படிவத்தில் வழுக்கி விழுந்து ராத்தாவின் இளைய மகன் மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

அந்த வீட்டின் நடு அறையில் மச்சானின் உம்மா, நாங்கள் மாமி என்று அழைப்பவர், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். தண்ணீர் ஏறிய இரவில் அவரைக் கட்டிலோடு தூக்கி மேல் வீட்டில் வைத்திருந்தார்கள். நான்கு நாள் கழித்துக் கீழே கொண்டுவந்தபோது அந்த அறையின் இரட்டைக் கதவு சாத்தவில்லை. பழைய நாட்டு மரப் பலகையில் செய்த கதவு அது. வெள்ளத்தில் நின்ற அடிப்பாகம் உப்பி, இரண்டு கதவுகளும் நடுவில் ஒன்றையொன்று முட்டி நின்றன. மாமிக்கு உடை மாற்றுவதும் உடம்பு துடைப்பதும் அந்த அறையில்தான். கதவு சாத்தாத அறையில் அவரை எப்படி வைப்பது?

வாப்பாவோடு படகுத் துறையில் வேலை பார்த்த ஆசாரி ஒருவர் இராயபுரத்திலேயே இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. அவரை அழைத்துவந்து காட்டினோம். கதவின் அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்த்தார். நகத்தால் அழுத்தினார், நகம் பதிந்தது.

“தம்பி, மரம் தண்ணி குடிச்சு உப்பியிருக்கு. இப்ப இழைச்சா, காஞ்ச பிறகு இழைச்சதத் திருப்பி ஒட்ட முடியாது. ரெண்டு கதவையும் கழட்டி, காத்துப் படுற மாதிரி நெழல்ல நிறுத்துங்க. வெயில்ல போடாதீங்க, கோணிக்கும். அது வரைக்கும் கெட்டித் துணியில ஒரு திரையக் கட்டிக்குங்க. காயட்டும், நான் வந்து பாக்குறேன்” என்றார்.

நியாயமான பேச்சு. ஆனால் எங்களுக்கு அது தட்டிக்கழிப்பதாகவே பட்டது. அவர் போன பிறகு ராத்தாவும் மச்சானும் கேட்கும்படி, “சின்ன வேலை, கூலி கட்டாது, அதுதான் சாக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்” என்று பேசினோம். ஒரு மனிதர் இல்லாத இடத்தில், அவர் கேட்டால் மனம் நோகும் சொல்லைச் சொன்னோம். அதற்குப் புறம் என்று பெயர் என்பது எங்களுக்குத் தெரியாததன்று.

மறுநாள் மின்சார இழைப்புளி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தோம். அது எதற்கான கருவி என்பதை இப்போது சொல்ல முடியும். நீண்ட விளிம்பில், கழற்றிப் படுக்க வைத்த கதவில், ஆணி இல்லாத காய்ந்த மரத்தில் அது மிக வேகமாக வேலை செய்யும். நாங்களோ நிற்கும் கதவில், ஈர மரத்தில், தரைக்கு அருகில், மண்டியிட்டுக்கொண்டு அதை இயக்கினோம். ஈர இழைப்பு வாயில் அடைத்துக்கொண்டது. ஒரு பழைய ஆணியில் மோதி அலகு பல்லுப்பல்லாகத் தெறித்தது. ஒரு தடவை ஓட்டியும் முட்டியது. இன்னொரு தடவை ஓட்டினோம். இப்படியே அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை இரு கதவிலும் கால் அங்குலத்துக்குக் குறையாமல் போயிற்று. இரண்டு கதவையும் மூடிக்கொண்டு நின்ற நடுப்பட்டியும் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதையும் பெயர்த்து எறிந்தோம். அன்று மாலை கதவு அழகாகச் சாத்திற்று. எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது.

நான்கு மாதங்கள் சென்றன. ரமளான் வந்து போயிற்று. 2024 ஏப்ரல் 11 அன்று நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்து உறவினர் எல்லோரும் ராத்தா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். அறைக்கதவு சாத்தியிருந்தது. எங்களில் ஒருவர் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பியபோது, இரண்டு கதவுகளுக்கு நடுவே, கீழ்ப் பகுதியில், ஒரு பென்சில் தாராளமாக நுழையும் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கு கட்டிலின் உயரத்துக்குச் சரியாக இருந்தது. நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. பாயில் உட்கார்ந்திருப்பவருக்கோ கட்டில் முழுதும் தெரியும்.

அடுக்களையில் ராத்தாவிடம் கேட்டோம். “பிப்ரவரியிலருந்தே இப்படித்தான். நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்ச வேலை, எப்படிச் சொல்றது? உள்பக்கம் பழைய போர்வையத் தொங்க விட்டிருந்தேன். பெருநாளாச்சேன்னு இன்னிக்குத் துவைக்கப் போட்டுட்டேன்” என்றார். வீட்டில் ஆண்கள் யார் வந்தாலும் அவர்கள் புறப்படும்வரை உடை மாற்ற மாமி சம்மதிப்பதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். நனைந்த துணியோடு மணிக்கணக்கில் படுத்திருந்திருக்கிறார். வாய் திருந்தப் பேச வராது. கையை அசைத்து மறுத்துவிடுவாராம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களுடைய அறையின் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்ததையும், அதை நபியவர்கள் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. வீட்டினுள் நுழைய அனுமதி கேட்கும் ஒழுங்கு பார்வையை முன்னிட்டே ஏற்படுத்தப்பட்டது என்பதை அந்த நிகழ்ச்சியில் தெளிவுபடுத்தினார்கள். பயானில் பலமுறை கேட்ட செய்திதான். ஆனால் துவாரத்தை உண்டாக்கியவர்கள் நாங்களாக இருப்போம் என்று நினைத்ததில்லை. மாமியின் மறைவைக் காக்கவென்றே அவசரப்பட்டோம். நான்கு மாதம் அவருக்கு மறைவில்லாமல் செய்துவிட்டோம்.

பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு ஆசாரி வீட்டுக்குச் சென்றோம். கதவு விஷயத்தைச் சொன்னோம். அவரைப் பற்றிப் பேசியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “உங்க அப்பாவும் ஒருக்கா ஈரப் பலகையில கை வெச்சுட்டு என்கிட்ட வந்து நின்னாரு. வாங்க, போய்ப் பாப்போம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்போது ராத்தா வீட்டில் வேறு ஒரு வேலையும் காத்திருந்தது. தரையில் ஊறிய எண்ணெய்க் கறையும் வாடையும் எதற்கும் போகாததால், பழைய தரைமீதே டைல்ஸ் பதிக்க மச்சான் முடிவு செய்திருந்தார். டைல்ஸும் பசைக்கலவையும் சேர்ந்து தரை முக்கால் அங்குலம் உயரும். அப்படியானால் எல்லாக் கதவுகளின் அடியையும் குறைக்க வேண்டும். சுவரோடு பதித்த நிலைகளின் கால்களையும், கூடத்துச் சுவர் அலமாரியின் அடிச்சட்டத்தையும் அவை இருக்கும் இடத்திலேயே அறுக்க வேண்டும். நிலைக்காலை அறுத்து அதன் அடியில் டைல்ஸைச் செருகினால் விளிம்பு சுத்தமாக அமையும். நிலையைச் சுற்றி டைல்ஸை வெட்டிப் பொருத்தினால் இடுக்கு விழும்; அதில் தண்ணீர் நிற்கும்; மரம் மறுபடியும் குடிக்கும்.

டைல்ஸ் பதிக்க வந்தவர்கள், “நாங்களே மார்பிள் கட்டரில் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறோம்” என்றார்கள். ஆசாரி வேண்டாமென்று கையமர்த்தினார். அன்றும் அடுத்த நாட்களிலும் அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எங்கள் சொற்களில் தருகிறோம். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதற்கேள்வி, மரம் காய்ந்திருக்கிறதா என்பது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை; அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். ஆகவே முழுப் பலகைக் கதவு அதிகம் உப்பும். சட்டமிட்டு நடுவில் பலகை செருகிய கதவு அவ்வளவு உப்பாது. நனைந்த மரத்தைக் குறைப்பது, வீங்கிய காலுக்குச் செருப்பு அளவெடுப்பது போன்றது. பல வீடுகளில் கதவு முட்டுவதற்கு மரம் காரணமே அல்ல. கீலின் திருகுகள் தளர்ந்து கதவு தொய்ந்திருக்கும். திருகை முறுக்கினாலே சரியாகிவிடும். எங்கே முட்டுகிறது என்று அறியக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கார்பன் தாளை வைத்துச் சாத்திப் பார்க்கலாம். முட்டும் இடத்தில் மை ஒட்டும்.

இரண்டாவது, கழற்ற முடியுமா என்பது. கழற்ற முடிந்ததை இருந்த இடத்தில் வைத்து அறுக்கக் கூடாது. கதவுகளை ஆசாரி கீலிலிருந்து கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், கட்டையில் படுக்க வைத்து, சட்டம் பிடித்து அறுத்தார். அடி விளிம்பை இழைக்கும்போது இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கியே இழைத்தார். ஒரே போக்கில் வெளியே தள்ளினால் ஓரத்தில் சிராய் தெறித்துவிடும்.

மூன்றாவது, மரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. பழைய நிலைகளில் ஆணியும், சுவரோடு பிடித்த இரும்புக் கிளாம்பும், சிமென்டும் இருக்கும். கிளாம்புகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நிலைக்காலின் அடியை எடுக்கலாம். ஆணி இருக்கும் இடத்தில் மரத்துக்கென்று செய்த நுண்பல் அலகு சில நொடிகளில் மழுங்கிவிடும். மரமும் ஆணியும் சேர்ந்து அறுக்கும் இருவுலோக அலகு வேண்டும். சிமென்டைத் தொட வேண்டுமானால் அதற்குக் கார்பைடு அலகு.

நான்காவது, அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது, அதற்கு எந்தத் தீங்கும் வரக்கூடாது என்பது. இதைத்தான் ஆசாரி மிக நேரம் பேசினார். “எதை அறுக்கணும்னு பாத்து மிஷின் வாங்குறாங்க. எதை அறுக்கக் கூடாதுன்னு பாத்து வாங்கணும்” என்றார்.

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்க்கும்போது மார்பிள் கட்டர் ஏன் கூடாது என்பது விளங்கும். அது நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் வட்ட அலகு. வட்ட அலகு மூலைக்குள் போகாது. மூலையில் வளைவாக ஒரு பகுதி அறுபடாமல் நிற்கும். அதை எட்டவேண்டிச் சாய்த்தால் சுவரையோ தரையையோ கீறும். மரத்தில் சிக்கினால் பின்னோக்கி எகிறும். சிலர் கிரைண்டரில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் அலகை மாட்டுகிறார்கள். அதனால் கை விரல்களை இழந்தவர்களை நம் பகுதிப் பட்டறைகளில் காணலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுவர் அலமாரியின் அடிச்சட்டத்துக்கு ஆசாரி ஒரு மல்ட்டி டூலை எடுத்தார். அவருடைய மகனுடையது. அதன் அலகு சுழல்வதில்லை. இடமும் வலமுமாகச் சில பாகையே, ஆனால் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை அதிரும். நேராக உள்ளே செலுத்தலாம், மூலை வரை செல்லும். அதன் ஒலியைக் கேட்டதும் ராத்தாவின் இளைய மகன் ஓடிவந்தான். “மாமா, என் கையில மாவுக்கட்டு வெட்டுன மிஷின் இதுதான்!” என்றான்.

பிள்ளை சொன்னது உண்மை. இந்தக் கருவியின் மூலம் மருத்துவமனைதான். மாவுக்கட்டை அறுக்கும் அதிரும் ரம்பத்தை 1940களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் வடிவமைத்தார். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967இல் தானும் அத்தகைய ரம்பத்தைச் செய்தது. பிறகு அதே தத்துவத்தில் தச்சர்களுக்கும் பிறருக்கும் கருவி செய்தது. அசையாத கெட்டியான மாவுக்கட்டை அந்த அலகு அறுக்கும். மென்மையான தோலோ அலகோடு சேர்ந்து அசைந்து கொடுப்பதால் பெரும்பாலும் வெட்டுப்படுவதில்லை. ஒரு குழந்தையின் கைக்குத் தீங்கு வரக்கூடாது என்ற அக்கறையில் பிறந்த கருவி அது. (மரம் அறுக்கும் கூரிய அலகு விரலைக் கிழித்துவிடும், அதை விளையாட்டாகத் தொட வேண்டாம்.)

சரி, நிலைக்காலுக்கும் அதையே பயன்படுத்தலாமே என்றோம். ஆசாரி அலகை நிலையின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெளிநாட்டுக் காணொளிகளில் அறுத்துக் காட்டுவது நிலையைச் சுற்றி அடித்த முக்கால் அங்குலப் பட்டியை. நம் வீட்டு நிலையோ மூன்று அங்குலக் கனத்தில் நான்கு அங்குல அகலமுள்ள கோங்கு. அலகு அதில் ஒன்றரை அங்குலம்கூடப் போகாது. மூலைகளில் அதனால் வழி திறந்துவிட்டு, மீதியைக் கைரம்பத்தால் முடிக்க வேண்டும். அதற்குரியது, வளைந்துகொடுக்கும் மெல்லிய தகட்டில், பற்கள் பக்கவாட்டில் விரிக்கப்படாத ரம்பம். பல் விரிந்திராததால் அதைத் தரையோடு படுக்க வைத்து அறுத்தாலும் கீழே உள்ளதைக் கீறாது. ஒரு டைல்ஸ் துண்டைத் தரையில் வைத்து, பசைக்கலவையின் கனத்துக்கு ஓர் அட்டையை அதனடியில் செருகி, அதன்மேல் ரம்பத்தைப் படுக்க வைத்தார். அளவுகோலே தேவைப்படவில்லை.

மாமியின் அறை நிலைக்கு வந்தபோது மல்ட்டி டூலைப் பெட்டியில் வைத்துவிட்டார். “உள்ள பெரியம்மா படுத்திருக்காங்க. சத்தமும் தூசியும் அவங்களுக்கு ஆகாது” என்றார். வாப்பாவின் உளியை எங்களிடம் வாங்கித் தீட்டி மூலையைத் திறந்தார். பின்பு கைரம்பத்தால் மெதுவாக அறுத்தார். இரண்டு கால்களுக்கும் லுஹரிலிருந்து அஸர் வரை ஆயிற்று. அந்த நேரம் முழுதும் அறைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட உட்புறம் திரும்பவில்லை. எங்கள் மார்க்கத்தைச் சேராத அந்தப் பெரியவரிடம் பார்வையின் ஒழுக்கத்தை அன்று பார்த்தோம். உள்ளே மாமி உறங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியாக எங்கள் பிழை. இழைத்துப் போன இரு விளிம்புகளிலும் காய்ந்த தேக்குப் பட்டியை ஒட்டி, இரண்டு நாள் இறுக்கிக் கட்டிவைத்தார். கதவுகளை மாட்டிய பிறகு, தொங்கும் நிலையிலேயே, உள்ளங்கையில் அடங்கும் சிறிய இழைப்புளியால் முடி கனத்துக்கு இழைத்தார். ஓர் இழுப்பு, ஒரு தடவை சாத்திப் பார்ப்பது, மறுபடி ஓர் இழுப்பு. நாங்கள் மின்சாரக் கருவியில் ஒரு நிமிடத்தில் தொலைத்ததைத் திரும்பப் பெற அவருக்கு ஒரு முழு நாள் ஆனது. நடுவே இரண்டு நாணயக் கனத்துக்கு இடம் விட்டார். அது மழைக்காலத்து உப்பலுக்கு. அந்த இடைவெளியை மறைக்கப் புதிய நடுப்பட்டி அடித்தார். அறுத்த விளிம்புகள் அனைத்திலும், கதவின் அடியிலும்கூட, இரண்டு கை வார்னிஷ் பூச வைத்தார். மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அந்த முனைகளின் வழியாகத்தான். நாம் பூசாமல் விடுவதும் அதே முனைகளைத்தான்.

கூலியைக் கணக்குப் பார்த்தோம். டிசம்பரில் அவர் சொன்னபடி திரையைக் கட்டிப் பொறுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு. அந்தப் பணம் எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. மாமியின் நான்கு மாதத்தை எங்களால் திருப்பித் தர முடியாதே என்பதுதான் உறுத்தியது. அவரிடம் சென்று, “மாமி, நாங்க செஞ்ச தப்பு, மன்னிச்சுடுங்க” என்றோம். அவர் கதவைப் பார்த்தார். இடது கையால் மூடச் சொல்லிச் சைகை காட்டினார். மூடினோம். உள்ளிருந்து, மூன்று சொல்லை ஒரு சொல்லாகச் சேர்த்து, அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: “இப்பத்தான் ரூமு.”

2024 அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. முதல் பெருமழை பெய்த இரவில் ராத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினோம். தண்ணீர் வந்ததா என்று கேட்கும் முன்பே கதவு எப்படி என்றுதான் கேட்டோம். விரலால் தள்ளினால் சாத்துகிறது என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நூஹ் (அலை) அவர்கள் தம் கையால் கப்பல் கட்டினார்கள். மரத்தைத் தொடும் வேலை எளிய வேலையன்று. அதில் பிறருடைய ஹக் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவு முட்டினால் முதலில் கீலைப் பாருங்கள், மரம் ஈரமென்றால் திரையைக் கட்டிக்கொண்டு பொறுங்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் ‘இப்போது வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நல்லெண்ணம் கொள்ளுங்கள்.

மாமிக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. எங்கள் அவசரத்தையும் எங்கள் நாவின் பிழையையும் மன்னிப்பானாக. வெள்ளத்தில் வீடு இழந்தோர் அனைவருக்கும் அதைவிடச் சிறந்ததைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.